செய்தியின் எல்லை

தமிழ் இலக்கண நூலார் 'பொதுமொழி' என்று ஒரு வகைச் சொல்லைக் குறிப்பிடுவார்கள். ஒன்றாக நிற்கும்போது ஒரு பொருளும், பிரிந்து நிற்கும்போது வேறொரு பொருளும் தருகின்ற சொல் அது. 'வேங்கை' என்பது ஒரு மரத்தின் பெயர். புலிக்கும் அதுவே பெயர். அதனை 'வேம் கை' என்று பிரித்தாலோ வேகின்ற கை என்று பொருள்படும். 'பலகை' என்பது மரத்தால் ஆனது. 'பல கை' என்பது உடம்பைச் சார்ந்தது. ஒலியில் வேற்றுமை இல்லை. எல்லையில் மட்டுமே வேற்றுமை. எல்லை மாறியதும் பொருளும் மாறிவிடுகிறது.

நம் முன்னோர் ஓலையில் எழுதியபோது சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடம் விடுவதில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடுவதில்லை. அதனால், பழஞ்சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்ற அறிஞர்கள், ஒரு சொல் எங்கே முடிந்து மறுசொல் எங்கே தொடங்குகிறது என்று காண்பதற்கே பேருழைப்பைச் செலவிட நேர்ந்தது. அறிஞருக்கு ஐயம் எழுந்தால் அவர் முன்னும் பின்னும் படித்துப் பார்ப்பார், பொருளை நோக்குவார், பிற சுவடிகளோடு ஒப்பிடுவார். ஆனால், பொருளே அறியாத ஒரு யந்திரத்துக்கு இதே ஐயம் எழுந்தால் அது என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்கு விடை காண மனிதன் நூறாண்டுக்கு மேல் முயன்றிருக்கிறான். கம்பி வழியே செல்லும் செய்தி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை மறுமுனையில் உள்ள யந்திரம் ஐயமின்றி அறிவது எவ்வாறு? தந்தியின் காலம் முதல் இணையத்தின் காலம் வரை இக்கேள்வி வளர்ந்து வந்த வரலாற்றையே இன்று நாம் காணப்போகிறோம்.

முதலில் தந்தியை எடுத்துக்கொள்வோம். 1844ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், அமெரிக்க நாட்டில் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே சாமுவேல் மோர்ஸ் தம் தந்தியை முறைப்படி இயக்கிக் காட்டினார். அவருடைய முறையில் புள்ளி, கோடு என்னும் இரண்டு குறிகளே எழுத்துக்களை உணர்த்தின என்று நாம் படித்திருக்கிறோம். அது முழு உண்மை அன்று. மூன்றாவது குறி ஒன்றும் அங்கே இருந்தது. அதுதான் மௌனம்.

இன்று சர்வதேச முறை என்று வழங்கும் மோர்ஸ் முறையில் ஒரு புள்ளியின் நேரத்தை ஓர் அளவு என்று கொண்டால், ஒரு கோடு மூன்று அளவு நீளும். ஓர் எழுத்துக்குள் வரும் குறிகளுக்கு இடையே ஓர் அளவு மௌனம். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே மூன்று அளவு. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஏழு அளவு. இந்த இடைவெளிகளை எடுத்துவிட்டால் செய்தியே இல்லை. மூன்று புள்ளிகள் நெருங்கி வந்தால் அது 'எஸ்' என்னும் ஆங்கில எழுத்து; அவையே விலகி வந்தால் மூன்று 'இ' எழுத்துக்கள். அமெரிக்காவில் முதலில் வழங்கிய முறையிலோ இன்னும் ஓர் இடர் இருந்தது. அங்கே 'ஓ' என்னும் எழுத்துக்கு, இடையே சிறிது வெளி விட்ட இரண்டு புள்ளிகளே குறி. அடுத்தடுத்து வரும் இரண்டு 'இ' எழுத்துக்களுக்கும் ஏறக்குறைய அதே வடிவம்தான். வெளியின் நீளம் ஒன்றைக் கொண்டே தந்தியாளர் வேற்றுமை காணவேண்டும். 1865இல் பாரிஸில் கூடிய நாடுகள் சர்வதேசத் தந்திக்கு ஏற்றுக்கொண்ட மோர்ஸ் முறையில் எழுத்துக்குள்ளே வரும் இத்தகைய வெளிகள் நீக்கப்பட்டிருந்தன. எல்லைக் குறியும் செய்திக் குறியும் ஒரே தோற்றம் கொள்ளலாகாது என்னும் பாடம் அன்றே உணரப்பட்டது.

மோர்ஸ் தந்தியில் எல்லையைக் காத்தது மனிதனின் செவி. பயின்ற செவி, தயங்கி வரும் கையையும் விரைந்து வரும் கையையும் புரிந்துகொள்ளும். யந்திரத்துக்கு அந்தப் பரிவு கிடையாது. ஆதலால், எழுத்தைத் தானே அச்சிடும் யந்திரத்தைச் செய்ய விரும்பியவர்கள் வேறு வழி தேடினார்கள்.

அவர்களுள் தலைசிறந்தவர் பிரான்ஸ் நாட்டுத் தந்தித் துறையில் பணியாற்றிய எமில் போதோ. 1874இல் அவர் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து குறிகள். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒவ்வொரு குறியும் உண்டு அல்லது இல்லை என்னும் இரண்டு நிலைகளுள் ஒன்று. இன்று நாம் 1, 0 என்று எழுதி, 'பிட்' என்று பெயரிடுவது இதனையே. எல்லா எழுத்துக்களுக்கும் நீளம் ஒன்றாகிவிட்டதால், இடையே மௌனம் தேவையில்லை, எண்ணினாலே போதும். ஐந்து வந்ததும் ஓர் எழுத்து. அடுத்த ஐந்து வந்ததும் மறு எழுத்து.

ஆனால், எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? ஒரே ஒரு குறி பிசகினாலும் அதன்பின் வரும் எழுத்துக்கள் அனைத்தும் பிழையாகிவிடும் அன்றோ? அதனால் போதோ இரு முனைகளிலும் சுழலும் கருவிகளை வைத்து, இரண்டும் ஒரே கதியில் சுழலுமாறு செய்தார். அவை ஒன்றையொன்று விட்டு விலகாதபடி, இடையிடையே திருத்தக் குறியும் அனுப்பப்பட்டது. இயக்குபவர் தம் விருப்பப்படி விசையை அழுத்த முடியாது. யந்திரம் எழுப்பும் ஓசையைக் கேட்டு, அதன் தாளத்துக்கு ஏற்பவே அழுத்தவேண்டும். இவ்வாறு இரு முனைகளும் ஒரே தாளத்தில் இயங்குவதையே 'ஒத்தியங்கு முறை' என்கிறோம்.

இதற்கு மாறான வழி ஒன்றும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஒரு தொடக்கக் குறி, பின்னே ஒரு நிறுத்தக் குறி. தொடக்கக் குறி வந்ததும் யந்திரம் விழித்துக்கொள்ளும், எழுத்தைப் பெறும், நிறுத்தக் குறி வந்ததும் ஓயும். டெலிபிரிண்டர் என்னும் தொலைஅச்சு யந்திரம் உலகெங்கும் பரவியது இம்முறையினால்தான். ஆனால், அதற்கு விலை உண்டு. எட்டு பிட் கொண்ட எழுத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பிட் சேர்த்தால், பத்தில் இரண்டு பங்கு எல்லைக் குறிகளுக்கே செலவாகிறது. வழியில் பேசும் பேச்சில் ஐந்தில் ஒரு பங்கு 'தொடங்குகிறேன், முடிக்கிறேன்' என்பதாகவே போய்விட்டால் எப்படி இருக்கும்? மெல்லச் செல்லும் கம்பியில் இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியபோது இது பொறுக்க முடியாத வரியாயிற்று.

ஆகவே கணிப்பொறி அறிஞர்கள் மீண்டும் ஒத்தியங்கு முறையை நாடினார்கள். இரண்டு முனைகள், அவற்றை இணைக்கும் ஒரே தொடர், இடைவிடாது ஓடும் பிட்டுகளின் ஆறு. இத்தொடரில் மௌனம் என்பதே இல்லை. அனுப்பச் செய்தி இல்லாத நேரத்திலும், தாளம் தவறாதிருக்கும் பொருட்டு ஏதேனும் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். மௌனம் இல்லாத இடத்தில் மௌனத்தை எல்லையாகக் கொள்ள முடியுமா? முடியாது. ஆதலால் ஆற்றின் உள்ளேயே, அதே நீரால், கரை அமைக்க வேண்டியதாயிற்று. இவ்வாறு கரையிட்டுப் பிரித்த ஒவ்வொரு துண்டையும் 'ஃபிரேம்' என்பார்கள். தமிழில் சட்டகம் எனலாம்.

1967இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஒரு முறை, இதற்குச் சில எழுத்துக்களைக் காவலராக நியமித்தது. முதலில் 'சின்' என்னும் ஒத்தியங்கு எழுத்து இரண்டு முறை வரும்; அதனைக் கண்டு பெறும் யந்திரம் தன் தாளத்தைச் சரிசெய்துகொள்ளும். அடுத்து 'எஸ்.டி.எக்ஸ்.' என்னும் எழுத்து, செய்தி தொடங்குகிறது என்று அறிவிக்கும். இறுதியில் 'இ.டி.எக்ஸ்.' என்னும் எழுத்து, செய்தி முடிந்தது என்று அறிவிக்கும். கடிதம் போன்ற செய்திகளுக்கு இது நன்றாகவே பயன்பட்டது. எந்தக் கடிதத்திலும் இத்தகைய எழுத்துக்கள் வருவதில்லை அல்லவா?

ஆனால், கணிப்பொறிகள் கடிதங்களை மட்டும் அனுப்புவதில்லை. எண்களையும், ஆணைத்தொடர்களையும் அவற்றின் மூல வடிவிலேயே அனுப்பும். இங்கேதான் சிக்கல் எழுந்தது. முடிவைக் குறிக்கும் அந்த எழுத்தின் பிட் வடிவம் 00000011. இருமக் கணக்கில் இது மூன்று என்னும் எண். ஆகவே ஒரு கணக்குப் பட்டியலின் நடுவே மூன்று என்னும் எண் வந்தால், பெறும் யந்திரம் 'செய்தி முடிந்தது' என்று கொண்டு மீதியைக் கைவிட்டுவிடும்! மூன்று என்று சொல்லக் கூடாத ஒரு பாதையில் கணக்கை எப்படி அனுப்புவது?

இதன் உட்பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். எல்லையைக் காப்பதற்காகச் சில எழுத்துக்களைத் தனியே ஒதுக்கிவிட்டால், அந்த எழுத்துக்கள் செய்தியில் வரலாகாது என்று தடை விதித்தவர்களாகிறோம். தபால்காரர் கடிதத்தின் உறையைத்தான் பார்க்கவேண்டும். உள்ளே இன்ன சொல் இருக்கக் கூடாது என்று கட்டளையிடுவது அவர் வேலை அன்று. எதனையும் தடுக்காமல், எதனையும் திரிக்காமல், கொடுத்ததைக் கொடுத்தபடியே சேர்க்கவேண்டும். செய்தித் தொடரின் இந்தப் பண்பைப் பொறியியலார் 'ஒளிவு மறைவு இன்மை' என்னும் பொருளில், பளிங்குபோல் ஊடுருவ விடுதல் என்று குறிப்பிடுகிறார்கள். எல்லையும் காக்கவேண்டும், செய்தியின் உரிமையும் கெடலாகாது. இந்த இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

மேற்கூறிய முறையில் இதற்கு ஒரு பரிகாரம் செய்தார்கள். 'டி.எல்.இ.' என்னும் ஓர் எழுத்தைக் கட்டியங்காரன் ஆக்கினார்கள். அரசன் வருமுன் கட்டியங்காரன் கூவுவதுபோல, உண்மையான முடிவுக் குறிக்கு முன்னே இந்த எழுத்து வரும். அது முன்னே வராத மூன்று, வெறும் எண்ணே. சரி, செய்தியிலேயே அந்தக் கட்டியங்கார எழுத்து வந்தால்? அதனை இரண்டு முறை எழுதி அனுப்பு என்றார்கள். இரண்டு வந்தால் ஒன்று என்று பெறுபவர் கொள்வார். 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆர்ப்பாநெட்' என்னும் வலைத்தொடர் இன்றைய இணையத்தின் மூதாதை. அதன் முனைகளை இணைத்த, விநாடிக்கு ஐம்பதாயிரம் பிட் ஓடிய தொடர்களிலும் எல்லை காத்தது இதே கட்டியங்கார முறைதான். ஒவ்வொரு துண்டின் இறுதியிலும் 24 பிட் கொண்ட ஒரு சரிபார்ப்பு எண்ணும் சேர்க்கப்பட்டது.

இம்முறை எழுத்துக்களை நம்பியது. ஆனால், எழுத்தின் அளவு எங்கும் ஒன்றாக இருக்கவில்லை. ஆர்ப்பாநெட்டின் முதல் நான்கு நிலையங்களில் இருந்த கணிப்பொறிகளுள் ஒன்று 24 பிட் சொல்லைக் கையாண்டது. ஒன்று 36 பிட். மற்றவை 32 பிட். எட்டு எட்டாக வகுபடாத செய்தியும் உண்டு. எழுத்து என்னும் அளவையே சாராத எல்லை வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது.

1974ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு வேறு வழிகளைக் காட்டின.

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் எண்ணிக்கை வழியைத் தேர்ந்தது. செய்தியின் முகப்பிலேயே 'இதில் இத்தனை எழுத்துக்கள் உள்ளன' என்று அறிவித்துவிட்டால், பெறுபவர் எண்ணிக்கொண்டே வந்து, கணக்கு முடிந்ததும் நிறுத்தலாம். உள்ளே எது வந்தாலும் கவலை இல்லை. எளிய வழிதான். ஆனால், வழியில் இடியோ மின்னலோ புகுந்து அந்த எண்ணிக்கையையே கெடுத்துவிட்டால்? நூறு என்பது முந்நூறு என்று மாறினால், பெறுபவர் அடுத்த செய்திகளையும் இதனோடு சேர்த்து விழுங்கிவிடுவார். அதனால் முகப்புக்கு மட்டும் தனியே ஒரு சரிபார்ப்பு எண் வைத்துக் காத்தார்கள்.

ஐ.பி.எம். நிறுவனமோ வேறு வழி கண்டது. அது ஆறு ஒன்றுகளால் ஆன ஒரு கொடியை நட்டது. 01111110 என்பதே அக்கொடி. ஒவ்வொரு சட்டகத்தின் முன்னும் பின்னும் இக்கொடி நிற்கும். செய்தி இல்லாத நேரத்தில் கொடிகளே தொடர்ந்து ஓடலாம். சரி, செய்திக்குள் இதே வடிவம் வந்தால்? இங்கேதான் அம்முறையின் அழகு இருக்கிறது. விதி இதுதான்: செய்தியில் ஐந்து ஒன்றுகள் அடுத்தடுத்து வந்துவிட்டால், அடுத்து வருவது எதுவாயினும், அனுப்புபவர் அங்கே ஒரு 0 செருகவேண்டும். பெறுபவர், ஐந்து ஒன்றுகளுக்குப் பின் 0 வரக் கண்டால், அதனை நீக்கிவிடவேண்டும்.

தாளும் எழுதுகோலும் எடுத்து நீங்களே செய்து பார்க்கலாம். செய்தியில் 01111110 என்றே வருகிறது என்று கொள்வோம். ஐந்து ஒன்றுகளுக்குப் பின் 0 செருகினால் அது 011111010 என்று ஆகும். இதில் ஆறு ஒன்றுகள் ஓரிடத்திலும் சேரவில்லை. செய்தியில் 01111100 என்று வந்தாலும், ஐந்துக்குப் பின் இயல்பாகவே 0 இருக்கிறதே என்று விட்டுவிடலாகாது; அங்கும் ஒன்று செருகி 011111000 என்றே அனுப்பவேண்டும். ஏனெனில், பெறுபவர் ஐந்துக்குப் பின் வரும் 0-ஐ எப்போதும் நீக்குவார். செருகாமல் விட்டால் செய்தியின் சொந்த எழுத்தையே அவர் நீக்கிவிடுவார். விதிக்கு விலக்கு இல்லை. அதுவே விதியின் வலிமை.

பெறுபவர் பக்கம் நின்று பாருங்கள். ஐந்து ஒன்றுகள் வந்துவிட்டன. ஆறாவது பிட் 0 என்றால், அது செருகப்பட்டது, நீக்கு. ஆறாவதும் 1 என்றால், ஏழாவதைப் பார். அது 0 என்றால் கொடி, சட்டகம் முடிந்தது. அதுவும் 1 என்றால், அனுப்புபவர் இடையில் கைவிட்டுவிட்டார் என்பதற்கு அறிகுறி. ஐயத்துக்கு இடமே இல்லை. பொருள் தெரியவேண்டியதில்லை, முன்னும் பின்னும் படிக்கவேண்டியதில்லை, ஐந்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். எவ்வளவு நீளமான செய்தியும், எந்த வடிவில் அமைந்த செய்தியும் இவ்வழியே செல்லலாம்.

இதற்குச் செலவு என்ன? செய்தி முழுதும் ஒன்றுகளாகவே இருந்தால் ஐந்துக்கு ஒன்று கூடும். அதாவது நூற்றுக்கு இருபது. அது மிக அரிது. ஒன்றும் பூஜ்யமும் ஒழுங்கின்றிக் கலந்து வரும் செய்தியில் சராசரியாக 62 பிட்டுக்கு ஒன்றுதான் கூடுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே நிலை நெடுநேரம் நீடித்தால் பெறும் யந்திரம் தாளத்தை மறந்துவிடும். அவ்வகைத் தொடர்கள் பலவற்றில் 0 வரும்போதெல்லாம் மின்நிலை மாறுமாறு அமைத்தார்கள். ஒன்றுகள் நீண்டு தொடர்வதற்கு இம்முறை இடங்கொடாததால், தாளமும் காக்கப்பட்டது.

வழியில் பிழை நேர்ந்தால் கொடியும் கெடலாம் அல்லவா? உண்மைதான். செய்தியிலுள்ள 01101110 என்பதில் நான்காவது பிட் ஒன்று மட்டும் மாறினால் போதும், போலிக்கொடி ஒன்று எழுந்துவிடும். உண்மைக் கொடியில் ஒரு பிட் மாறினாலோ, இரண்டு சட்டகங்கள் ஒட்டி ஒன்றாகிவிடும். இவற்றைக் கண்டுபிடிக்கவே ஒவ்வொரு சட்டகத்தின் இறுதியிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் வைத்தார்கள். கணக்கு ஒவ்வாத சட்டகம் தள்ளப்படும். பின்னர் மீண்டும் கேட்டுப் பெறப்படும். இங்கே கவனிக்கத் தக்கது ஒன்று: பிழை அடுத்த நல்ல கொடியைத் தாண்டிச் செல்வதில்லை. அது வந்ததும் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஒரு வயலில் உடைந்த நீர் அடுத்த வரப்பில் நின்றுவிடுவதுபோல, கேடு ஓர் அளவுக்குள் அடங்கிவிடுகிறது.

இம்முறையைச் சர்வதேசத் தர நிறுவனம் ஏற்று, 'எச்.டி.எல்.சி.' என்னும் பெயரால் பொதுமை ஆக்கியது. 1976இல் நாடுகளின் தந்தி, தொலைபேசிக் குழு வகுத்த எக்ஸ்.25 என்னும் பொதுத் தரவு வலைத்தொடர் முறையிலும் இக்கொடி ஏறியது. 1989இல் இணையத்துக்கென முதன்முதலாக எழுதப்பட்டு, 1994இல் நிலைபெற்ற 'பி.பி.பி.' என்னும் இருமுனை இணைப்பு முறையும் இதே கொடியையே கைக்கொண்டது. தொலைபேசி வழியே இணையத்தை அடைந்த கோடிக்கணக்கான மக்கள், தாம் அறியாமலே இக்கொடியின் நிழலில் பயணம் செய்தார்கள்.

ஆனால், கண்ணாடி இழைகளின் காலம் வந்தபோது பழைய வழி முழுதும் பொருந்தவில்லை. 'சோனெட்' என்னும் ஒளியிழைத் தொடர்களில் பிட்டுகள் எட்டு எட்டாகக் கட்டப்பட்டு ஓடின. நடுவே ஒற்றை பிட்டைச் செருகுவது அங்கே இடையூறாயிற்று. ஆகவே கட்டியங்கார முறை மீண்டும் வந்தது. செய்தியில் கொடியின் வடிவம் வந்தால், அதற்கு முன் 01111101 என்னும் விலக்குக் குறியை வைத்து, கொடியில் ஒரு பிட்டை மாற்றி 01011110 என்று அனுப்பினார்கள். ஒன்று வேண்டிய இடத்தில் இரண்டு செல்லும். இயல்பான செய்திகளில் இதனால் கேடில்லை. கொடியின் வடிவத்தையே திரும்பத் திரும்பக் கொண்ட செய்தியோ இரு மடங்காகப் பெருகிவிடும்.

இந்தச் செலவுக்கு 1997இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் செஷையரும் மேரி பேக்கரும் ஒரு புதுவழி வெளியிட்டார்கள். பூஜ்யத்தை மட்டும் எல்லைக்கென ஒதுக்கினார்கள். செய்தியில் வரும் ஒவ்வொரு பூஜ்யத்தையும் எடுத்துவிட்டு, 'அடுத்த பூஜ்யம் இத்தனை இடம் தள்ளி உள்ளது' என்னும் எண்ணிக்கையை அங்கே வைத்தார்கள். பூஜ்யமே இல்லாத செய்தியாக அது மாறிவிடுகிறது. எவ்வளவு கெட்ட செய்தியாயினும் 254 எழுத்துக்கு ஓர் எழுத்துக்கு மேல் கூடாது. கொடியும் எண்ணிக்கையும் இங்கே கைகோத்துக்கொண்டன.

இதுவரை நாம் கண்ட இடர்கள் எல்லாம் தற்செயலாக நேர்ந்தவை. மூன்று என்னும் எண் வேண்டுமென்று முடிவுக் குறியைப் போல் வேடம் பூணவில்லை. ஆனால், பலரும் பகிர்ந்துகொள்ளும் பொதுத் தொடரில் தீய எண்ணம் உடையவன் ஒருவன் புகுந்தால் என்ன ஆகும்? இக்கேள்வி 1990களில் எழுந்தது. ஒளியிழைத் தொடரில் 0 மட்டுமே நீண்டு ஓடினால் பெறும் யந்திரம் தாளம் தவறும். தாளம் தவறினால் எல்லைகளும் தவறும். அதனைத் தவிர்க்க, 127 பிட் நீளமுள்ள ஒரு குறிப்பிட்ட வரிசையோடு செய்தியைக் கலந்து அனுப்பி வந்தார்கள். அந்த வரிசை நூல்களில் அச்சிடப்பட்டு எவரும் அறியக் கிடந்தது. அதே வரிசையைத் தன் செய்தியாக ஒருவன் அனுப்பினால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். நீண்ட வெறுமையே மிஞ்சும். தன் செய்தி ஒன்றினால் அவன் பிறர் அனைவருடைய செய்தியையும் அறுத்துவிடலாம்.

1999இல் வெளிவந்த திருத்திய முறை இதற்கு மாற்று வகுத்தது. ஒவ்வொரு பிட்டையும், தனக்கு 43 இடம் முன்னே சென்ற பிட்டோடு கலந்து அனுப்புமாறு விதித்தது. முன்னே சென்றது பெரும்பாலும் பிறருடைய செய்தி. அதனைத் தீயவன் முன்கூட்டி அறிய இயலாது. அறிய இயலாததை அவன் அழிக்கவும் இயலாது.

விரைவு மேலும் பெருகியது. 2002இல் தரப்படுத்தப்பட்ட, விநாடிக்கு ஆயிரம் கோடி பிட் ஓடும் ஈதர்நெட்டில், ஒவ்வொரு 64 பிட்டுக்கும் முன்னே இரண்டே பிட்டுகள் எல்லைக் காவலாக நிற்கின்றன. அவை 01 அல்லது 10 என்றுதான் வரும். 00, 11 என்று ஒருபோதும் வாரா. செய்தி எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். நெடுநேரம் பார்த்தால் இந்த ஓரிடத்தில் மட்டும் இரண்டு பிட்டும் எப்போதும் வேறுபட்டே நிற்கும். பெறும் யந்திரம் அந்த ஒழுங்கைத் தேடிக் கண்டு எல்லையை உணர்கிறது. எண்ணிக்கையும் கொடியும் இங்கும் ஒருங்கே இருக்கின்றன.

மாணவர்களே, இந்த நீண்ட வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் என்ன தெரிகிறது? முதலில் எல்லையைக் காத்தது மனிதனின் செவி. அடுத்து, ஒத்த தாளம். அதன்பின், சில எழுத்துக்களுக்கு விதித்த தடை. பின்பு, எதனையும் தடுக்காமல் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல் பொருந்தும் விதி. இறுதியில், தீயவன் கையிலும் முறியாத விதி. மோர்ஸ் முறையில் மௌனத்துக்கு இருந்த இடத்தை ஐந்து வரை எண்ணும் ஒரு சிறு விதி ஏற்றுக்கொண்டது. வேங்கையா, வேகின்ற கையா என்று பொருளை நோக்கித் தெளியும் அறிவு யந்திரத்துக்கு வரவில்லை. அந்த அறிவு வேண்டாதபடி எல்லையை அமைத்துக்கொடுத்ததே மனிதனின் வெற்றி.

ஓசையின்றி வேலை செய்யும் இக்கொடிகளை யாரும் காண்பதில்லை, பாராட்டுவதும் இல்லை. ஆயினும், ஒருவருடைய செய்தி மற்றொருவருடைய செய்தியோடு கலவாமல், எந்தச் சொல்லுக்கும் தடையின்றி, கொடுத்தது கொடுத்தபடியே போய்ச் சேர்கிறது என்றால், அது அவற்றின் காவலால்தான். நல்ல வரப்பு பயிரைக் கட்டுப்படுத்துவதில்லை. பயிர் வளர்வதற்கு இடம் வகுத்துத் தருகிறது.